வலது ஓரம்

அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பத்தடி நடப்பதற்குள் "சீட் கவரா சார்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். பழைய இருக்கைக்குப் புது உறை மாட்டி மறைப்பதுதான் அங்கே பெரிய வியாபாரம். மறைக்காமல், இருக்கிற தோலையே தேற்றித் தருகிறவர் ஒருவர் பக்கத்துச் சந்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் போனேன்.

ஒரு தகர ஷெட். காருக்குள்ளிருந்து கழற்றிய ஓட்டுநர் இருக்கை ஸ்டூல் மேல் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் அவரை பாய் என்கிறார்கள், நானும் அப்படியே. இருக்கையின் வலது ஓரத்தை இரண்டு விரலால் விரித்துக் காட்டினார். வெடித்த வயல் மாதிரி இருந்தது.

"எந்த வண்டியா இருந்தாலும் மொதல்ல போறது இந்த இடம்தான் சார். ஏறும்போதும் தேய்ப்பாங்க, எறங்கும்போதும் தேய்ப்பாங்க."

கார் இருக்கைக்குப் பெரும்பாலும் மாட்டுத்தோல்தான். பெரிய துண்டாகக் கிடைப்பது அதுதானே. குரோம் உப்பு போன்றவற்றில் பதப்படுத்தி, மேலே நிறப்பூச்சும் அதற்கு மேல் கண்ணுக்குத் தெரியாத பாதுகாப்புப் பூச்சும் கொடுத்திருப்பார்கள். நாம் தடவிப் பார்த்துத் தோல் என்று சொல்வது உண்மையில் அந்தப் பூச்சை. வெயிலில் வெளுப்பதும் வியர்வையில் உரிவதும் அதுதான். பூச்சு மட்டும் வெடித்திருந்தால் சுலபம். தோலின் நாரே அறுந்திருந்தால் உள்ளே துணி வைத்து ஒட்ட வேண்டும். ரொம்பவும் போய்விட்டால் அந்தத் துண்டையே வெட்டிவிட்டுப் புதிதாகத் தைக்க வேண்டும். எது எந்த நிலை என்று பாய் தடவியே சொல்லிவிடுகிறார்.

இருக்கையைத் திருப்பி இன்னொன்றும் காட்டினார். பக்கவாட்டில் உள்பக்கம் துணி ஒட்டியிருந்தது. ரெக்ஸின்! உட்காரும் இடமும் முதுகு சாயும் இடமும் மட்டும் தோல். லெதர் சீட் என்று விற்கப்படும் பல கார்களில் இப்படித்தானாம். காசு கொடுத்தவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். சிரித்தார்.

வேலையில் பாதி, துடைப்பதுதான். உதவிக்கு இருந்த பையன் மிருதுவான பிரஷ்ஷால் நுரை போட்டுத் தேய்த்தான். வெள்ளைத் துணி கறுத்தது, இன்னொன்று, அதுவும் கறுத்தது. யாரோ தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறார்கள். "தோல் மெத்துனு ஆவும்னு தடவுறாங்க. பூச்சு மேல தடவுனா எண்ணெய் எங்க உள்ள போவும்? தூசியத்தான் புடிச்சி வைக்கும்." எண்ணெய்ப் பிசுக்கு மிஞ்சினால் மேலே போடுகிற எதுவும் பிடிக்காது. அதனால் கடைசியில் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. பிறகு 400 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 600.

வெடிப்பில் நிரப்புவது காருக்குப் போடும் பட்டி அல்ல. அது கல்லாக இறுகி, ஆள் உட்கார்ந்த மறுநாளே பெயர்ந்துவிடும். இது ரப்பர் போல வளையும் பசை. மெல்லிசாகத் தடவி, ஹேர் டிரையரில் உலர்த்தி, தேய்த்து, மறுபடி தடவி... ஆறு தடவை எண்ணினேன். ஒரே தடவையில் அப்பினால் உள்ளே காயாது. அந்த ஓரத்தில் 'ஏர்பேக்' என்று எழுதிய சின்னத் துணிப்பட்டை தைத்திருந்தது. விபத்தின்போது காற்றுப்பை பிய்த்துக்கொண்டு வெளியே வர வேண்டியது அந்தத் தையல் வழியாகத்தான். பாய் அதில் ஒரு பொட்டுப் பசை படவிடவில்லை.

நிறம் கலக்கும்போதுதான் என் கணக்கு தப்பியது. தலை சாய்க்கும் மெத்தையை உருவினால் அடியில் வெயில் படாத அசல் பழுப்பு அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்துக் கலப்பார் என்று நினைத்தேன். பாய் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது வண்டி புதுசா இருந்தப்ப இருந்த கலரு. பக்கத்து சீட்டுக்கு இப்ப என்ன வயசோ அதான் இதுக்கும்." பழுப்பில் துளி வெள்ளை, துளி மஞ்சள், கறுப்பு ஊசிமுனை அளவு. தோலில் தொட்டு வைத்து, காயவிட்டு, வெளியே வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தார். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு. நாலாவது கலவைதான் அவருக்குப் பிடித்தது. பிறகு ஸ்ப்ரே கன்னில் புகைபோல அடித்து, மேலே பளபளக்காத கிளியர் பூச்சு.

மறுநாள் சாயங்காலம் காரின் சொந்தக்காரர் வந்தார். குனிந்து தேடினார், விரலால் தடவினார், பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

"இனிமே கெட்டுப்போகாம இருக்க ஒரு சீட் கவர் வாங்கி மாட்டிடலாம்னு இருக்கேன், பாய்."

பாய் கையைத் துடைத்துக்கொண்டார். "வாங்குங்க சார். ஏர்பேக் பக்கம் மூடாத கவரா பாத்து வாங்குங்க."