சாவி கேட்டால் டிரைவர் வருவார்!

துபாயில் இருக்கும் என் மச்சான் (மனைவியின் தம்பி) கார் வைத்திருக்கிறான். 'வைத்திருக்கிறான்' என்றால் சொந்தமில்லை, மாத வாடகை. ரெசிடென்ட் விசா கைக்கு வந்ததும் நம்ம ஊர் லைசென்ஸ் அங்கே செல்லாது என்று தெரிந்து, டிரைவிங் ஸ்கூலுக்கு அழுது, டெஸ்ட் பாஸ் பண்ணி, லைசென்ஸைக் காட்டினான். சாவியைக் கொடுத்துவிட்டார்கள். இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் கார் கம்பெனி பொறுப்பு. மாதக் கடைசியில் ஸாலிக் டோல் கேட்டை எத்தனை முறை தாண்டினான், எந்த ரோட்டில் பறந்து அபராதம் வாங்கினான் என்கிற ஜாதகம் மட்டும் பில்லோடு வரும்.

அதே காரியத்தை ஒரு வெளிநாட்டுக்காரர் நம் பூந்தமல்லிப் பக்கம் வந்து செய்தால்?

சாவி வராது. ஒரு மனுஷர் வருவார். அவர் பின்னாலேயே அவருடைய பாங்க் டியூ, பேட்டா, ஷெட், எஃப்.சி. எல்லாம் வரிசையாக வரும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், உத்தியோகமே அதுதான். வீடு அம்பத்தூர். வேலை, ஒரகடத்தில் ஒரு ஜப்பான் உதிரிபாகக் கம்பெனியில் 'அட்மின்'. அட்மின் என்றால் பெரிய அதிகாரி என்று மாமனார் நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைக்கட்டும், அதை ஏன் கெடுப்பானேன்! குழாய் ஒழுகினாலும் கான்டீன் சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் ஒரு கிளைதான் வெளிநாட்டு ஆட்களுக்கு மாத வாடகைக் கார் பிடித்துத் தருவது.

இந்தப் பக்கம் இத்தனை வெளிநாட்டுக்காரர்கள் எப்போது வந்தார்கள்? அம்பத்தூர் எஸ்டேட் 1960-களின் சரக்கு. அதில் பெரும்பாலும் நம்மாட்கள்தான். 1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998-ல் ஸான்ட்ரோ வெளியே வந்தபோது கூடவே கொரியாக்காரர்களும், உதிரிபாகக் கம்பெனிகளும் நிரம்பிவிட்டன. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை திறந்த பிறகு கேட்கவே வேண்டாம். இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று வருகிறவர்கள். பஸ்ஸில் அனுப்ப முடியாது. கார் வாங்கிக் கொடுத்தால் திரும்பிப் போகும்போது விற்கவேண்டும். ஆகவே வாடகை.

2017-ல் எங்களுக்கு ஒரு ஜப்பான் இன்ஜினீயர் வந்தார். முதல் நாளே பெட்டியிலிருந்து ஒரு சாம்பல் நிறப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி கொடுத்தது, ஒரு வருஷம் செல்லும். சட்டப்படி அவர் இங்கே கார் ஓட்டலாம். போதாக்குறைக்கு, ஜப்பானிலும் நம்மைப் போல இடது பக்கம்தான் போகிறார்கள், ஸ்டீயரிங்கும் வலது பக்கம்தான். "நானே ஓட்டுகிறேனே" என்றார்.

கரையான்சாவடி ஜங்ஷனுக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனேன். நின்றார். பார்த்தார். ஷேர் ஆட்டோ ஒன்று எதிர்ப்பக்கமாக வந்து அவர் முழங்காலுக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்று, "பூந்தமல்லியா ஸார்?" என்று கேட்டது. அந்தச் சாம்பல் புத்தகத்தை அப்புறம் நான் பார்க்கவில்லை. (எங்கள் கம்பெனி விதிப்படியும் அவர் ஓட்டக்கூடாது. அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நேரில் பார்ப்பது போல வருமா?)

டிரைவர் இல்லாமல் வண்டியை மட்டும் வாடகைக்கு விடும் 'ரென்ட்-ஏ-கேப்' திட்டம் நம் நாட்டில் 1989-லிருந்து இருக்கிறது. கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து இருந்தால் அந்த ரகம். லைசென்ஸ் வாங்குகிறவர் குறைந்தது 50 வண்டி வைத்திருக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் நிபந்தனை. ஆக, தெருமுனை டிராவல்ஸ்காரர் சட்டப்படி சாவி தரமுடியாது. சட்டத்தைத் தாண்டித் தருவார்.

அதுதான் 'ஓன் போர்டு'. வெள்ளை போர்டு, சொந்த உபயோக வண்டி. "டி போர்டை விட ரேட் கம்மி ஸார், யாரு பாக்கப் போறா?" என்று நிறையப் பேர் வந்தார்கள். நான் எடுக்கவேயில்லை. மாட்டினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம். அதுகூடப் பரவாயில்லை. சொந்த உபயோக பாலிஸியில் 'வாடகைக்கு விட்டால் செல்லாது' என்று ஒரு வரி இருக்கிறது. வண்டி எங்காவது இடித்தால் இன்ஷூரன்ஸ்காரர் அந்த வரியைத்தான் முதலில் படிப்பார். நம் ஆபீஸ்களில் இதைச் செய்கிற தம்பிகள் அந்த வரியை ஒரு தரம் படித்துவிடுவது நல்லது.

ஆகவே டி போர்டு எட்டியோஸ் ஒன்று வந்தது. கூடவே அதன் சொந்தக்காரரும் டிரைவருமான ஆவடி அண்ணன். ஐம்பதை நெருங்கும் வயது. என்னைத் 'தம்பி' என்பார். கோபம் வந்தால் 'ஸார்'. எல்லோரும் ஜப்பான்காரரைப் பேருக்குப் பின்னால் 'ஸான், ஸான்' என்று மரியாதையாகக் கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் பேர் என்று முடிவு கட்டி, கடைசி வரை 'ஸான் ஸார்' என்றே கூப்பிட்டார். அவரும் திருத்தவில்லை.

ஒப்பந்தம் இப்படி: மாதம் 26 நாள், நாளுக்கு 10 மணி நேரம், மொத்தம் 2,500 கிலோமீட்டர். தாண்டினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு, ராத்திரி ஆனால் பேட்டா. கணக்கு 'ஷெட் டு ஷெட்'.

முதல் மாத பில்லிலேயே வெடித்தது. ஸான் ஸார் சிவப்புப் பேனாவோடு வந்தார். பூந்தமல்லியில் அவர் ஃப்ளாட்டிலிருந்து ஒரகடம் 32 கிலோமீட்டர். போக வர 64. ஆனால் ட்ரிப் ஷீட்டில் தினமும் 84. "அந்த 20 கிலோமீட்டர் நான் காரில் இல்லை. 26 நாளைக்கு 520. நான் இல்லாத காருக்கு நான் எதற்குக் கிலோமீட்டர் கொடுக்க வேண்டும்?"

அண்ணனிடம் மொழிபெயர்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஸான் ஸார் ஏறுற எடத்துலயேவா நான் பொறந்தேன்? ஆவடியிலிருந்து வண்டி தானா உருண்டு வந்து நிக்குமா ஸார்?" என்றார். ('ஸார்' வந்துவிட்டது, கவனியுங்கள்.) நான் அதை, "வாகனத்தின் புறப்படும் இடம் ஆவடியில் உள்ளது என்று தெரிவிக்கிறார்" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

"அப்படியானால் ஷெட்டைப் பார்க்க வேண்டும்" என்றார் ஸான் ஸார். ஜப்பான்காரர்கள் எதையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் கிளம்பினோம். மீட்டரை அவரே குறித்துக்கொண்டார். சென்னீர்குப்பம், காடுவெட்டி, பருத்திப்பட்டு என்று ஒவ்வொரு ஊரையும் வாசித்துக்கொண்டே வந்தார். பெரிய கராஜ், ஷட்டர், எண்ணெய் பூசிய மெக்கானிக்குகள் என்று எதிர்பார்த்திருப்பார் போல. வண்டி ஆவடியில் ஒரு சந்தில் திரும்பி, ஒரு வேப்பமரத்தடியில் நின்றது.

"ஷெட்?" என்றார் ஸான் ஸார்.

"ஷெட்டு" என்றார் அண்ணன், மரத்தைக் காட்டி.

அண்ணி உள்ளே கூப்பிட்டு டம்ளரில் காபி கொடுத்தார். சுவரில் காலண்டர். ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஏதாவது பண்டிகையா என்று கேட்டார் ஸான் ஸார். டியூ கட்டுகிற நாள் என்றேன். அவர் காலண்டரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ட்ரிப் ஷீட்டை எடுத்து, '10.6 கி.மீ.' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதாவது, இதுவரை தினம் 1.2 கிலோமீட்டர் குறைவாகத்தான் பில் போட்டிருக்கிறார் அண்ணன்!

அந்தச் சிவப்பு வட்டம்தான் இந்த வியாபாரத்தின் மொத்த விஷயமும். பாருங்கள்: ஸான் ஸார் கம்பெனியிடம் கார் எடுத்திருப்பதாக நினைக்கிறார். கம்பெனி டிராவல்ஸிடம் எடுத்திருக்கிறது. டிராவல்ஸிடம் அந்த வண்டியே கிடையாது, அது அண்ணனுடைய 'அட்டாச்' வண்டி. அண்ணனுடையதும் இல்லை, பாங்குடையது. பணம் மேலிருந்து கீழே வர 45 நாள். டிராவல்ஸ் பில் போட்டு, நான் ட்ரிப் ஷீட் சரிபார்த்து, அக்கவுன்ட்ஸ் தூங்கி எழுந்து, டிராவல்ஸ் கமிஷன் பிடித்துக்கொண்டு, மிச்சம் ஆவடிக்குப் போக வேண்டும். டியூவோ 5-ம் தேதி வாசலில் நிற்கும். தினம் நாலைந்து லிட்டர் டீசல் அவர் கைக்காசு. ஆக, அவ்வளவு பெரிய கம்பெனிக்கு மாதாமாதம் கடன் கொடுத்துக்கொண்டிருந்தவர் வேப்பமரத்தடி அண்ணன்! வட்டியில்லாக் கடன்.

2020 மார்ச் நடுவில் ஜப்பானிலிருந்து உத்தரவு வந்து ஸான் ஸார் கிளம்பிவிட்டார். ஏர்போர்ட்டில் விட்டது அண்ணன்தான். மார்ச் 25-ல் ஊரடங்கு. கார் வேப்பமரத்தடியில் நின்றது. எங்களுக்கும் டிராவல்ஸுக்கும் ஒப்பந்தத்தில் ஒரு மாத நோட்டீஸ் இருந்தது. டிராவல்ஸுக்கும் அண்ணனுக்கும் நடுவில் காகிதமே கிடையாது, வாய்ப்பேச்சுதான்.

"ஓடாத வண்டிக்கு எதுக்கு வாடகை?" என்றார் அக்கவுன்ட்ஸ். நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கும். நான் நோட்டீஸ் ஷரத்தைக் காட்டி நோட் போட்டேன். திரும்பி வந்தது. ஸான் ஸாருக்கு ஒரு மெயில் தட்டினேன். மறுநாளே இரண்டு வரியில் பதில், நகல் அக்கவுன்ட்ஸுக்கும். 'ஒப்பந்தத்தில் 30 நாள் என்று இருக்கிறது. 30 நாள் கொடுக்கவும்.' கீழே எனக்கு மட்டும் தனியாக ஒன்று: '5-ம் தேதி என்ன ஆயிற்று?'

5-ம் தேதிக்கு ரிசர்வ் வங்கி தவணைச் சலுகை கொடுத்திருந்தது. முதலில் மே வரை, பிறகு ஆகஸ்ட் 31 வரை. ஆனால் வட்டி சும்மா இருக்குமா? அது பாட்டுக்குக் குட்டி போட்டது. முப்பது நாள் வாடகை டிராவல்ஸ் வழியாக அண்ணன் கைக்குப் போய்ச் சேர ஜூன் ஆகிவிட்டது. கமிஷனை மறக்காமல் பிடித்துக்கொண்டார்கள்!

நல்லவேளை, மே மாதம் கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். பூந்தமல்லிக்குப் பக்கம். அண்ணன் எட்டியோஸின் பின் சீட்டைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டு, விடியற்காலையில் வெங்காயமும் தக்காளியும் ஏற்றிவந்து ஆவடித் தெருக்களில் விற்றார். டி போர்டு டாக்ஸியில் காய்கறி ஏற்றலாமா என்று சட்டம் பேசாதீர்கள். எங்கள் வீட்டுக்கே இரண்டு கிலோ சின்ன வெங்காயம் வந்தது. அதற்கும் பில் கொடுத்தார். ஷெட் கிலோமீட்டர் சேர்க்கவில்லை.

கோயம்பேடு செப்டம்பரில் திறந்தது. பின் சீட்டு திரும்பவும் வண்டிக்குள் ஏறியது. வெங்காய வாசனை மட்டும் ஆறு மாதம் இறங்கவில்லை.

2022-ல் அடுத்த இன்ஜினீயர் வந்தபோது நான் பிடிவாதமாக நின்று டிராவல்ஸ் இல்லாமல் அண்ணனோடு நேரடி ஒப்பந்தம் போட வைத்தேன். பணம் 45 நாளில் இல்லை, மறுமாதம் 3-ம் தேதி. (வட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால்!) ஷெட் 10.6. நோட்டீஸ் இரண்டு பக்கமும் ஒரு மாதம். கையெழுத்து போடுமுன், "தமிழ்ல ஒரு காப்பி குடுங்க தம்பி, படிச்சிட்டுப் போடறேன்" என்றார். ராத்திரி உட்கார்ந்து நானே எழுதினேன்.

மறுநாள் பார்க்கிங்கில் வண்டிக்குள் உட்கார்ந்து அரை மணி நேரம் படித்தார். இறங்கி வந்து ஏழாவது ஷரத்தில் விரல் வைத்தார். இயற்கைச் சீற்றத்தால் வண்டி ஓடாவிட்டால் வாடகை கிடையாது என்கிற ஷரத்து.

"தம்பி, கொரோனா இயற்கையா, செயற்கையா? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

எங்கள் லீகல் டிபார்ட்மென்ட்டுக்கு எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை. ஏழாவது ஷரத்தை அடித்துவிட்டுக் கையெழுத்து போட்டார்.