வெம்பிளியில் நின்ற வெண்மாடம்

கோயமுத்தூரிலிருந்து தடாகம் வழியாக மேற்கே செல்லும் மலைச்சாலை, ஆனைகட்டியில் கேரள எல்லையைத் தொடுகிறது. இடையே ஒரு சிற்றாறு. இப்பால் தமிழ்ப் பலகை, அப்பால் மலையாளப் பலகை. நான் வளர்ந்த ஊர் அது. சென்ற கோடையில் இலண்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, வெம்பிளியில் ஒருநாள் முழுதும் சுற்றியலைந்தேன். ஊர் நினைவு அங்கேயும் விடவில்லை.

1924 ஏப்ரல் 23 அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இவ்விடத்தில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் பொருட்காட்சியைத் திறந்து வைத்தார். அம்மன்னரின் குரல் வானொலியில் ஒலித்தது அன்றுதான் முதன்முறை. 1925 அக்டோபர் முடிய, இரு பருவங்களில், சுமார் 2 கோடியே 70 இலட்சம் பேர் வந்து கண்டனர். ஆயினும் நடத்தியோருக்கு நட்டமே மிஞ்சியது! பெருமண்டபங்கள் கான்கிரீட்டால் எழுந்தன. இலங்கையின் மாளிகை கண்டித் தலதா மாளிகையைத் தழுவியது. சிற்பங்களில் விந்தையானது கனடா நாட்டார் வைத்தது: வேல்ஸ் இளவரசரும் அவர் குதிரையும், ஆளுயரத்தில், முழுவதும் வெண்ணெயால்! உருகாதிருக்கக் குளிர்சாதனப் பேழைக்குள் நிறுத்தியிருந்தனர்.

இந்திய மாளிகைக்கு வருவோம். படங்களில் காணும்போது கண்ணைப் பறிக்கும் வெண்மை, கும்மட்டங்கள், மினார்கள். ஆக்ராவின் தாஜ்மகாலையும் தில்லியின் ஜும்மா மசூதியையும் மனத்தில் கொண்டு அதை வரைந்தது ஓர் ஆங்கில நிறுவனம். கோபுரமோ, கல்தூண் மண்டபமோ, ஓட்டு வீடோ முகப்பில் இல்லை. தென்னாட்டான் ஒருவன் அதன்முன் நின்றால், இது எந்த ஊர் என்று சற்றே திகைத்திருப்பான். உள்ளே சென்றால் மாகாணங்களுக்குத் தனித்தனிக் கூடங்கள். சென்னை மாகாணத்துக்கும் ஒன்று. அந்நாளில் கோயமுத்தூரும் மலபாரும் அம்மாகாணத்துக்குள் அடங்கியவை. ஆனைகட்டியின் இரு கரைகளும் ஒரே கூரையின்கீழ் இருந்தன என்று எண்ணி எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

இப்பிரிவுக்கு இந்தியாவின் கமிஷனராக இருந்தவர் நம்மவர்: முன்னர் கொச்சித் திவானாக விளங்கிய தி. விஜயராகவாச்சாரியார். அதே வேளையில் இன்னொரு தமிழர் அதனைப் புறக்கணிக்கச் சொன்னார். 1923 ஜூலையில் வெளிவந்த வெள்ளை அறிக்கை, கென்யாவின் மேட்டுநிலங்களை ஐரோப்பியருக்கே ஒதுக்கியது. அங்குக் குடியேறிய இந்தியருக்குப் பொதுவாக்காளர் பட்டியலில் இடமில்லை என்றது. அவர்களுக்காக இலண்டனில் வாதாடிய வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார், எப்போதும் மிதமாகவே பேசும் அம்மனிதர், சாம்ராஜ்யத்தில் சமமற்றவர்களுக்கு அதன் பொருட்காட்சியில் என்ன வேலை என்னும் நிலைக்கு வந்துவிட்டார். மாளிகையோ எழுந்தது. அயல்நாட்டில் வாழும் நம் குடும்பத்தார் இவ்விருவரில் யார் பக்கம் நிற்பர் என்று மகளிடம் கேட்டேன். அவள் உடனே விடை சொல்லவில்லை.

வெண்மாடத்தின் சுவடு இன்று இல்லை. 1923-இல் திறந்த விளையாட்டரங்கின் இரட்டைக் கோபுரங்கள் 2003-இல் வீழ்ந்தன. தொழில் மண்டபம் 2013-இல் இடிபட்டது. அதன் கான்கிரீட் சிங்கத்தலை ஒன்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

மாலையில் ஈலிங் சாலைப் பக்கம் நடந்தோம். கடைப் பலகையில் தமிழ் எழுத்து. முருங்கைக்காய் இருக்கிறதா என்று மகள் உள்ளே போய்க் கேட்டாள்.

“இருக்கு அக்கா, வாங்கோ” என்றார் யாழ்ப்பாணத்துக் கடைக்காரர்.