அன்னாசிக்கு ஒன்றுவிட்ட தம்பி

உங்க வீட்டுல நாய் இருக்கா? செடித் தொட்டியும் இருக்கா? அப்படின்னா இந்த வாரம் உங்களோட கொஞ்சம் பேசணும்.

ஆம்பூரிலிருந்து ராத்திரி பத்தரைக்குத் தங்கச்சியின் போன். "அண்ணா, மணி அந்தச் செடியைக் கடிச்சுத் துப்பிட்டான். ஏதாவது ஆயிடுமா?" பின்னணியில் அவள் மகளின் அழுகை.

எந்தச் செடி? கிரகப்பிரவேசத்துக்கு யாரோ கொடுத்தது. அன்னாசிக் கொண்டை மாதிரி இலை, நடுவுல பிளாஸ்டிக்கோன்னு தொட்டுப் பார்க்கவைக்கும் சிவப்புப் பூ. பேரு புரோமீலியாட். படிச்சது பி.காம். எனக்கு என்ன தெரியும்? தெரிஞ்ச கால்நடை டாக்டரை எழுப்பினேன்.

மனுஷன் சிரிச்சிட்டார். "அது அன்னாசிக் குடும்பம் சார். நாய்க்கு விஷமில்லை. நிறையத் தின்னிருந்தா ஒரு வாந்தி வரும். சில ரகத்துல இலை ஓரம் முள்ளா இருக்கும், ஈறைப் பாருங்க. இலைக்கு நடுவுல கிண்ணம் மாதிரி தண்ணி நிக்குமே, அதுல உரம், பூச்சிமருந்து விட்டிருந்தா மட்டும் குடிக்க விடாதீங்க." அந்தத் தண்ணியில டெங்கு கொசுவும் முட்டையிடும் என்பது அவர் கொடுத்த இலவச இணைப்பு.

மறுநாள் ஆம்பூர் போனேன். ஹைவே நடுவுல வழிநெடுக அரளி. ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணியும் அதிகம் கேட்காது, அதனால்தான் நடறாங்க. மணி வாலாட்டி வரவேற்றான். புரோமீலியாட் மட்டும் மொட்டை மாடிக்கு நாடு கடத்தப்பட்டிருந்தது.

வாசல்ல என்ன இருந்தது தெரியுமா? ஒரு பக்கம் பூஜைக்குப் பறிக்கிற அரளி. இன்னொரு பக்கம் சைகஸ், குட்டி ஈச்சமரம் மாதிரி நிக்குமே, அது. அரளி இதயத்தைத் தாக்கும். இலை, பூ, குச்சி எல்லாமே விஷம், காய்ஞ்சாலும் போகாது. சைகஸ், அதுலயும் கொட்டை, நாயோட ஈரலைக் காலி பண்ணிடும். சொன்னதும் தங்கச்சி கேட்டாள்: "அரளியா? அது நம்ம ஊர்ச் செடிதானேண்ணா!"

நம்ம ஊர்ச் செடிதான். ஒடுவந்தழையும் நம்ம ஊர்ச் செடிதான். அதைத் தின்னு வந்தவங்களைப் பத்தி வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் ஆராய்ச்சிக் கட்டுரைகளே எழுதியிருக்காங்க.

அவளுக்குப் பதில் சொல்லும்போதுதான் எனக்கு ராஜா ஞாபகம் வந்தது. நான் ஏழாவது படிக்கும்போது எங்க வீட்ல இருந்த செவலை நாய். எந்தக் குச்சி கிடைச்சாலும் கவ்விட்டு வந்து, திண்ணையில உட்கார்ந்து கடிக்கும். ஒருநாள் காலையில எச்சில் ஒழுகி, வாந்தி எடுத்து, தள்ளாடி விழுந்தது. மத்தியானத்துக்குள்ள முடிஞ்சது. பக்கத்து வீட்டுக்காரர்தான் விஷம் வெச்சார்னு அப்பா முடிவு கட்டினார். முந்தின வாரம்தான் ராஜா குரைக்கிறதுன்னு அவர் சண்டை போட்டிருந்தார். சாட்சி வேற வேணுமா? ரெண்டு வீட்டுக்கும் பேச்சு நின்னது. அவர் மகன் என்னோட ஒரே பெஞ்ச். அவனோடயும்தான்.

அந்த வாரம் அப்பா வேலியைக் கழிச்சுவிட்டு, வெட்டின கிளைகளைக் கிணத்தடியில குவிச்சுப் போட்டிருந்தார். அரளி வேலி.

அதுதான் காரணம்னு இன்னிக்கு என்னால நிரூபிக்க முடியாது. அவர் வெச்சார்னு அன்னிக்கும் யாரும் நிரூபிக்கலை.

தங்கச்சி சைகஸைக் கொடுத்துவிட்டாள், நாய் இல்லாத வீடா பார்த்து. அரளியைச் சுத்தி கம்பி வலை கட்டியாச்சு. அப்பா இல்லை. அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் இல்லை. மகன் இப்ப ராணிப்பேட்டையில இருக்கானாம். நம்பர் வாங்கி வெச்சிருக்கேன். மூணு வாரமாச்சு.