குழந்தை பிறந்த பிறகும் ஆடினார் அனிதா!

பொம்மிடி கடைத்தெருவில் 23 என்று எண் போட்ட சிவப்பு டி-ஷர்ட்டை அடிக்கடி பார்க்கலாம். அது யாருடைய எண் என்று வாங்குபவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. என் மகளுக்குத் தெரியும். மைக்கேல் ஜோர்டன், சிகாகோ புல்ஸ், 6 முறை சாம்பியன் என்று மூச்சு விடாமல் சொல்வாள். பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பள்ளி மைதானத்து மண் தரையில், வலை கிழிந்துபோன வளையத்தில் கூடைப்பந்து ஆடிப் பழகியவள்.

பதினொன்றாம் வகுப்புக்கு அரசு விளையாட்டு விடுதியில் சேர விண்ணப்பம் போடணும் என்று ஒருநாள் சொன்னாள். என் கணவர் பதிலே பேசவில்லை. மாமியார்தான் கேட்டார்.

"பந்தைக் கூடையில போட்டு என்னம்மா சம்பாதிக்கப் போறா? நாளைக்குக் கட்டிக் குடுத்தா எல்லாம் நின்னுதானே போவும்?"

நியாயமான கேள்விதான். ஜோர்டனுக்கு ஆட்டமே தொழில். அதற்கே கோடிகளில் சம்பளம். நம் ஊர்ப் பெண்ணுக்கு அப்படி எதுவும் இல்லை. அதனால் ஜோர்டனை விட்டுவிட்டு, அத்தையிடம் சென்னை அனிதா பால்துரையைப் பற்றிச் சொன்னேன்.

2000-ல் இந்திய அணிக்குள் வந்தவர். 19 வயதில் அணித் தலைவி. 2017 வரை, 18 வருடம் நாட்டுக்காக ஆடினார். ஆசிய சாம்பியன்ஷிப்பில் மட்டும் தொடர்ந்து 9 முறை. தேசியப் போட்டிகளில் 30 பதக்கம். 2013-ல் தோஹாவில் நடந்த 3x3 ஆசியப் போட்டியில் தங்கம். இதையெல்லாம் அத்தை ராகி களி கிண்டிக்கொண்டே கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெற்கு ரயில்வேல வேலை பார்க்கிறாங்க அத்தே" என்றதும் துடுப்பு நின்றது.

"ரயில்வேலயா?"

ஸ்டேஷனை வைத்தே வளர்ந்த ஊர் இது. ரயில்வே வேலை என்றால் இங்கே தனி மரியாதை. விளையாட்டில் சாதித்தவர்களுக்கு ரயில்வேயில் வேலை உண்டு, பெண்கள் கூடைப்பந்தில் தேசிய அளவில் ரயில்வே அணிதான் பல வருடங்களாகக் கொடிகட்டிப் பறக்கிறது என்று விளக்கினேன். ஆடுகிற எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடாது என்பதையும் சேர்த்தே சொன்னேன். ஆசை காட்டி அனுப்பக் கூடாது இல்லையா?

உண்மையில் என்னை அசைத்தது வேலை இல்லை. அனிதா குழந்தை பெற்ற பிறகு மறுபடி களத்துக்கு வந்தவர். 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதியில் கஜகஸ்தானை இந்தியா 75-73 என்று ஜெயித்தது. இரண்டே புள்ளி வித்தியாசம்! அந்த வெற்றியால்தான் நம் பெண்கள் மேல் பிரிவுக்குப் போனார்கள். அந்த அணியில் அனிதாவும் இருந்தார். சிசேரியன் ஆன எனக்கு, குடம் தூக்கி இடுப்பில் வைக்கவே ஒரு வருடம் ஆனது. கூடைப்பந்து ஓட்டமும் குதிப்புமான ஆட்டம். யாராவது இடித்துக்கொண்டே இருப்பார்கள். அந்த உடம்பை எப்படித் திரும்ப அதற்குத் தயார் செய்திருப்பார் என்று நினைத்தாலே எனக்கு மலைப்பாக இருக்கிறது.

அத்தைக்கு வேறு சந்தேகம். "அப்போ அந்தப் புள்ளைய யாரு பாத்துக்கிட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "நீ தையலுக்குப் போனப்ப இவள நான் பாத்துக்கல? அந்த மாதிரி யாராச்சும் பாத்திருப்பாங்க."

அர்ஜுனா விருது அனிதாவுக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்தான். 2021-ல் பத்மஸ்ரீ வந்தது. அதைச் சொன்னபோதுதான் என் கணவர் முதல்முறையாகத் தலையைத் தூக்கி, "நம்ம தமிழ்நாட்டுப் பொண்ணா?" என்றார்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த வாரம் தர்மபுரியில் தேர்வு. இடம் கிடைக்குமோ, கிடைக்காதோ. மகள் இருட்டும் வரை மைதானத்திலேயே கிடக்கிறாள். அத்தைக்கு இப்போது ஒரே கவலை: விடுதியில் தினமும் முட்டை போடுவார்களா?