பனிக்குள் வந்த விருந்தாளிகள்

என் அம்மாவுக்குக் காகத்துக்கு வைக்காமல் சாப்பிடத் தெரியாது. கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக் குசினிக்குப் பின்னால் உள்ள மதிலில் ஒரு பிடி சோறு வைத்துக் கூப்பிட்ட பிறகுதான் தன் கோப்பையைத் தொடுவார். அந்தப் பழக்கத்தை அவர் கனடாவுக்கும் கொண்டுபோனார்.

அக்காவின் இரண்டாவது பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக நானும் அம்மாவும் 2020 ஜனவரியில் அங்கே போனோம். மூன்று மாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவள் நான். மார்ச்சில் கொரோனாவால் கட்டுநாயக்க விமான நிலையம் மூடப்பட, திரும்பி வரப் பதினைந்து மாதங்கள் ஆயின.

அக்காவின் வீடு ரொறன்ரோவுக்கு வடகிழக்கே பீற்றர்பரோ என்ற சிறு நகரில் இருக்கிறது. ஸ்காபரோவாக இருந்திருந்தால் தமிழ்க் கடை, கோயில், தெரிந்த முகம் என்று ஏதாவது இருந்திருக்கும். இங்கே அதுவும் இல்லை. அம்மா மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டுவார், சமைப்பார், யன்னலோரம் போய் இருந்துவிடுவார். வன்னியில் குடும்பத்தைத் தலைமை தாங்கும் பெண்களிடம் வீடு வீடாகப் போய் "மனம்விட்டுக் கதையுங்கோ" என்று சொல்வது என்னுடைய தொழில். பெற்ற தாயிடம் அந்த வசனம் ஒரு நாளும் பலிக்கவில்லை.

பின் வளவில் அம்மா வைத்த சோற்றை அணில்கள்தான் தின்றன. அங்கத்தைய அணில் நம்மூர் அணிலைப் போல மூன்று மடங்கு வரும். மதிலுக்கு அப்பாலிருந்து இதைக் கவனித்த பக்கத்து வீட்டுப் பாட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒக்டோபரில் ஒருநாள் முகக்கவசத்தோடு வந்து ஒரு நீளக் குழாயையும் ஒரு பை கறுத்தச் சூரியகாந்தி விதையையும் படியில் வைத்துவிட்டுப் போனார். விதை நிரப்பிக் கொப்பில் தொங்கவிடும் அந்தக் குழாயை அங்கே 'ஃபீடர்' என்கிறார்கள். இந்த வருடம் தவறவிடக்கூடாத வருடம் என்றார் அவர்.

ஏனென்று பிறகு விளக்கினார். வடக்கே இருக்கும் பெரிய காடுகளில் ஸ்புரூஸ், பேர்ச் போன்ற மரங்கள் எல்லா வருடமும் ஒரே அளவில் காய்ப்பதில்லை. விதை பொய்த்துப்போன வருடங்களில் அங்கே வாழும் ஃபின்ச் இனத்துக் குருவிகள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே இறங்கும். காட்டில் எந்த மரம் காய்த்தது, எது காய்க்கவில்லை என்று பலரிடம் விசாரித்து, எந்தக் குருவி வரும் என்று முன்கூட்டியே சொல்லும் அறிக்கை ஒன்றை ரொன் பிற்றவே என்பவர் 1999 முதல் ஒன்ராறியோவில் எழுதிவந்தாராம். 2020 இல் அந்தப் பொறுப்பை ரைலர் ஹோர் ஏற்றிருந்தார். நம்மூரில் மழையைப் பார்த்து வயலைச் சொல்வது போல அங்கே காயைப் பார்த்துக் குருவியைச் சொல்கிறார்கள்.

முதலில் வந்தது பைன் சிஸ்கின். தவிட்டு நிறத்தில் கோடு கோடாக, செட்டையில் மட்டும் ஒரு மஞ்சள் கீற்று. உருவம் சிறிது, சண்டை பெரிது. அம்மா அதை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை.

நவம்பரில் ஒரு காலை, "பிள்ளை, ஓடிவா! எங்கட மாம்பழக்குருவி!" என்று சத்தம் கேட்டது. மாதக்கணக்கில் அம்மா அப்படிக் கூப்பிட்டதில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். பொன்மஞ்சள் உடம்பு, கறுத்தச் செட்டையில் பெரிய வெள்ளைத் திட்டு, கண்ணுக்கு மேலே மஞ்சள் புருவம். ஆனால் மாம்பழக்குருவிக்கு இந்தத் தடித்த சொண்டு கிடையாது. அது ஈவினிங் குறோஸ்பீக். மாலையில்தான் வெளியே வரும் என்று முன்னர் பிழையாக நினைத்து வைத்த பெயராம்; எங்கள் வளவுக்குக் காலையில்தான் வந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டியின் சின்ன வயதில் இது மிகச் சாதாரணமாம். இப்போது தொகை குறைந்து, கவனிக்கப்பட வேண்டிய இனமென்று கனடாவின் நிபுணர் குழு 2016 இல் மதிப்பிட்டிருக்கிறது. நாங்கள் கண்டது ஆறு. நான்கு நாட்களில் ஒரு பை விதையை முடித்துவிட்டுப் போயின.

அதற்குப் பிறகு யன்னல் அம்மாவுக்கு வேலைத்தலமாயிற்று.

ஜனவரியில் ரெட்போல்கள் வந்தன. நெற்றியில் குங்குமம் வைத்தது போலச் சிவப்பு, நாடியில் கறுப்பு. ஒன்றின் எடை பதினைந்து கிராம் வருவதே பெரிது. வெளியே மைனஸ் இருபது பாகையில் அது எப்படி உயிர் வாழ்கிறது? தொண்டையில் ஒரு பை இருக்கிறதாம். பகலில் அதில் விதையை அடைத்துக்கொண்டு போய், ஒதுக்கிடத்தில் இருந்து ஆறுதலாகத் தின்னும். இரவில் பனிக்குள் குடைந்து படுப்பதும் உண்டு. "அப்ப குளிருக்குப் பயந்து வந்ததுகள் இல்லை" என்றார் அம்மா.

"இல்லையம்மா. அங்கை தின்ன இல்லை, அதுதான்."

"விளைஞ்சால் திரும்பிப் போகுங்களோ?"

"ஓம். மார்ச், ஏப்ரலிலை போயிடுங்கள்."

பல்கலைக்கழகத்தில் இடப்பெயர்வைப் பற்றித் தள்ளும் காரணி, இழுக்கும் காரணி என்று பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். அம்மா இரண்டு கேள்வியில் முடித்துவிட்டார்.

அந்த நேரம் சாப்பாட்டு மேசையில் அக்கா நிரப்பிக்கொண்டிருந்த படிவங்கள் கிடந்தன. அம்மாவை அங்கேயே வைத்துக்கொள்வதற்கான விண்ணப்பம். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. மருத்துவம் உண்டு, பேரப்பிள்ளைகள் உண்டு, நானும் நிம்மதியாக வேலைக்குப் போகலாம். அம்மாவிடம் யாரும் முறையாகக் கேட்கவில்லை என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அம்மா குருவிகளைப் பார்த்தபடியே சொன்னார்: "தம்பி வந்தால் கிளிநொச்சி வீட்டுக்கல்லோ வருவான். பூட்டியிருந்தால் எங்கை போவான்?"

2009 மே மாதத்திற்குப் பிறகு தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்தப் பெயரை அம்மா கனடாவில் உச்சரித்தது அன்றைக்குத்தான். அக்கா பேனையை மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். அவருக்கும் அம்மா வேண்டும். அதில் என்ன பிழை? அன்றிரவு மூவரும் வெகுநேரம் கதைத்தோம், கொஞ்சம் சண்டையும் பிடித்தோம்.

பெப்ரவரியில் வேறொரு கவலை. பைன் சிஸ்கின்கள் சல்மொனெல்லா கிருமியால் பல இடங்களில் சாவதாகச் செய்தி வந்தது. ஒரே குழாயில் கூட்டமாகத் தின்பதால் எச்சத்தின் வழியாகப் பரவுகிறதாம். குருவிகளுக்கும் இடைவெளி தேவைப்பட்ட காலம்! அம்மா குழாயைக் கழற்றி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து உரஞ்சிக் கழுவி, நன்றாக உலர்த்திய பின்பே மறுபடி தொங்கவிட்டார். கீழே சிந்திய கோதைத் தினமும் கூட்டி அள்ளினார். சுகமில்லாத குருவி கண்ணில் பட்டால் குழாயையே சில வாரங்களுக்கு எடுத்துவிட வேண்டும் என்று பாட்டி சொல்லியிருந்தார். நல்லவேளை, அப்படி ஒன்றும் நேரவில்லை.

மார்ச் கடைசியில் ஒரு காலை ரெட்போல்கள் இல்லை. அம்மா இரண்டு நாள் பார்த்துவிட்டு, தன் பெட்டியை அடுக்கத் தொடங்கினார். ஏப்ரலில் வந்து, தனிமைப்படுத்தலும் முடித்து, கிளிநொச்சியில் வீட்டைத் திறந்தோம். மறுநாளே மதிலில் சோறு வைத்தார். காகங்களுக்கு நேரம் மறந்திருக்கவில்லை.

இப்போது அந்தக் குழாயில் அக்காதான் விதை நிரப்புகிறார். ஒக்டோபர் பிறந்தால் அம்மா தொலைபேசியில் முதலில் கேட்பது பேரப்பிள்ளைகளை அல்ல.

"மாம்பழக்குருவி வந்ததோ?"

"வரேல்லை அம்மா."

"அப்ப அங்கை விளைச்சல் நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை என்னிடம் தருவார்.