கயிறு பிடிக்கிற வேலை!

முத்துநகர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியபோது என் பையில் ஒரு ஹெல்மெட், ஒரு டேப், அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரை. சிவில் மூணாம் வருஷம். தூத்துக்குடியில் ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் ஒரு மாச இன்டர்ன்ஷிப். மக்ரூன், ராத்திரி புரோட்டா, பனிமயமாதா கோயில்னு ஜாலியா சுத்தலாம்னுதான் கிளம்பினேன்.

முதல் ஞாயிறு திரேஸ்புரம் போனேன். சங்கு குளிக்கப் போகும் அண்ணாச்சி ஒருத்தர் பழைய கதை சொன்னார். "முத்துக்குளிக்க இறங்குறவனுக்கு மேல படகுல கயிறு பிடிக்கிறது யாரு தெரியுமா? மச்சான்! தங்கச்சி தாலி மேல அக்கறை இருக்கும்லா தம்பி!" 1961-க்கு அப்புறம் இங்கே முத்துக்குளிப்பு நடக்கலை. ஆனா அந்தக் கயிறு ரெண்டே நாளில் என்னைத் தேடி வந்துச்சு.

துறைமுகம் போற ரோட்டில் எங்க சைட். ஒரு பக்கம் உப்பளம், தூரத்தில் கிரேன்கள். காத்தே உப்புக் கரிக்கும். அந்த உப்புதான் இங்கே வில்லன். கான்கிரீட்டுக்குள் மெதுவா இறங்கி கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், கான்கிரீட் வெடிக்கும். அதனால்தான் ஐ.எஸ். 456, கடலோரத்தில் வெளியே தெரியும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 தரமும், கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவரும் கேட்குது.

செவ்வாய்க்கிழமை காலை. பத்து மணிக்கு ரூஃப் கான்கிரீட். டேப்பை எடுத்து பீமில் சும்மா அளந்து பார்த்தேன். கவர் பிளாக் 25 மி.மீ! டிராயிங்கில் 45. திக்னு ஆயிடுச்சு. மேஸ்திரிக்கு எங்க அப்பா வயசு. அவர்கிட்ட போய் 'தப்பு'ன்னு எப்படிச் சொல்றது?

முதல் நாளே மேடம் சொல்லியிருந்தாங்க: "பார், அளந்து எழுது, எனக்குச் சொல். ஆட்களுக்கு நீயே ஆர்டர் போடாதே. வேலையை எப்படிச் செய்யணும்கிறது கான்ட்ராக்டர் பொறுப்பு. நாம அதுல கை வெச்சா அந்தப் பழியும் நம்ம தலையில வரும்." போட்டோ எடுத்து அனுப்பிட்டு போன் போட்டேன்.

அரை மணியில் வந்தாங்க. கத்தலை. சைட் ஆர்டர் புக்கில் தேதி, நேரம், எந்த பீம், டிராயிங் நம்பர் எல்லாம் எழுதி, கான்ட்ராக்டர் அண்ணாச்சிகிட்ட கையெழுத்து வாங்கினாங்க. ஓனருக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயருக்கும் காப்பி. கான்கிரீட் மறுநாளுக்குத் தள்ளிப் போச்சு.

"லாரி வாடகையை யாரு குடுப்பா தம்பி?"ன்னு அண்ணாச்சி என்னையே முறைச்சார். பதில் சொல்லத் தெரியலை. மத்தியானம் சோறு இறங்கலை.

சாயங்காலம் டீக்கடையில் மேடம் மவுலிவாக்கம் பத்திப் பேசினாங்க. 2014 ஜூன் 28. சென்னை பக்கத்தில் கட்டிக்கிட்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிஞ்சு 61 பேர் செத்துப் போனாங்க. கைதானவர்களில் இன்ஜினீயர்கள் மட்டுமில்லை, ஆர்க்கிடெக்ட்டும் இருந்தார். பக்கத்துக் கட்டடத்தை 2016 நவம்பர் 2-ல் வெடி வெச்சுத் தகர்த்தாங்க. "ஆர்க்கிடெக்ட் தினமும் சைட்டில் நிக்க மாட்டார். அப்பப்ப வர்றவர். அதனால, வர்ற நாள்ல எதைப் பார்த்தோம், என்ன சொன்னோம்னு எழுத்துல இருக்கணும். ஆனா அது நம்ம தலை தப்பறதுக்கு மட்டும்னு நினைக்காதே. கான்கிரீட் போட்டுட்டா உள்ளே யாருக்கும் தெரியாது. நாளைக்கு அதுக்குக் கீழே ஒரு குடும்பம் தூங்கும்."

எனக்குச் சட்டுனு திரேஸ்புரத்து மச்சான் ஞாபகம் வந்தார்.

மறுநாள் சரியான பிளாக் வெச்சு, மறுபடி அளந்து, கான்கிரீட் போட்டாங்க. சோதனைக்கு 150 மி.மீ. க்யூப்களும் எடுத்தாச்சு. 7-ம் நாள் உடைச்சதில் ரிசல்ட் ஓகே. 28-ம் நாள் ரிசல்ட் வந்தப்புறம்தான் ஊருக்குக் கிளம்பினேன். அன்னிக்கு ஒரு மக்ரூன் பாக்கெட்டை நீட்டி, "அடுத்த தடவை முந்தின நாளே வந்து அளந்துருப்பா"ன்னு சிரிச்சார் அண்ணாச்சி.

அவர் சொன்னதும் நியாயம்தானே! ஃப்ரெண்ட்ஸ், சைட்டுக்குப் போறீங்களா? டேப்பை முந்தின நாளே எடுங்க!