எண்பத்து நாலில் பறந்த கிழட்டுக் குதிரை

என் மோட்டார் சைக்கிளுக்கு வயது 14. நாற்பதைத் தாண்டினால் இருமும். ஐம்பதைத் தொட்டால் கண்ணாடி, மட்கார்டு, பின்னால் உட்கார்ந்திருக்கும் சம்சாரம் எல்லாமே ஆடும். அப்பேர்ப்பட்ட வண்டி, கோயம்பேடு பக்கம் நூறடி ரோட்டில் மணிக்கு 84 கிலோமீட்டர் வேகத்தில் பறந்ததாக 2024 ஜூலையில் ஒரு காலை என் செல்போனுக்குச் சேதி வந்தது. அபராதம் 1,000 ரூபாய்.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்குக் கோபம் வரவில்லை. பெருமையாக இருந்தது! மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் டீ கிளாஸ் கீழே விழுந்தது.

சென்னையில் 2023 நவம்பரிலிருந்து டூவீலருக்கு 50-தான் வரம்பு. அதை என் வண்டி மீறினால் நான் வெடி வாங்கிக் கொளுத்துவேன். சலானோடு வந்த போட்டோவைத் திறந்து பார்த்தேன். வெறும் நம்பர் பிளேட். மீதியெல்லாம் மூட்டம். கடைசி எண் 3 என்று படித்திருந்தார்கள். ஆன்லைனில் புகார் எழுதினேன். கிணற்றில் போட்ட கல்.

கையில் வக்கீல் இருக்கும்போது என்ன பயம்? என்னோடு பி.காம். படித்துவிட்டு, 'கணக்கு நமக்குச் சரிப்படாது' என்று சட்டம் படிக்கப் போன நண்பன் ஒருவன் இருக்கிறான். போய் நின்றேன்.

"டேய், ஆயிரம் ரூபாயைக் கட்டிட்டுப் போடா. என் ஃபீஸே ரெண்டாயிரம். நீயெல்லாம் என்னடா காமர்ஸ் படிச்சே?"

"செய்யாத தப்புக்கு ஏன்டா கட்டணும்?"

அவன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்றான். அதிவேகத்துக்கு லைசென்ஸை 3 மாதமாவது நிறுத்தி வையுங்கள் என்று 2015-லேயே உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறதாம். எனக்குச் சொரேர் என்றது. பெண்ணை ஸ்கூலில் விடுவது, அம்மாவை வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போவது, பத்திரிகை ஆபீஸ்களில் செக் கேட்டு நிற்பது... எல்லாம் அந்தக் கிழட்டுக் குதிரையின் முதுகில்தான்.

"சரி, மோதிடலாம்" என்றான். விர்ச்சுவல் கோர்ட் என்று ஒன்று இருக்கிறது. வீட்டில் இருந்தபடியே பணம் கட்டலாம், அல்லது 'எதிர்த்து வழக்காடுகிறேன்' என்று சொல்லலாம். இரண்டாவதைச் சொன்னால் கேஸ் நிஜக் கோர்ட்டுக்குப் போய்விடும். சொன்னோம். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டபோது எனக்குச் சுதந்திரப் போராட்ட வீரன் மாதிரி ஓர் உணர்வு.

நண்பன் பாயிண்ட்டுகளை அடுக்கினான். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவில், 'வேகமாகப் போனான்னு நினைக்கிறேன்' என்று ஒரே ஒரு சாட்சி சொன்னால் தண்டிக்க முடியாது. கருவி அளந்து காட்டியிருக்க வேண்டும். கேமராவில் பிடித்தால் 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று 2021-ல் விதி வந்திருக்கிறது. எனக்கு வந்தது 24-வது நாள். "முழு போட்டோ, மிஷின் அளந்த வேகம், தேதி, நேரம், இடம் எல்லாத்தையும் காட்டச் சொல்லி மனு போடறேன். ஆனா அது வர்றதுக்குள்ள நம்ம கையில ஒண்ணு இருக்கணும். ஜூன் 11, காலை 11.20-க்கு நீ எங்கடா இருந்தே?"

ஜூன் 11... எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது.

வாசகர்களிடம் மறைப்பானேன்? அன்றைக்கு அந்த நேரம் நான் மயிலாப்பூரில் ஓர் அடகுக் கடையில் இருந்தேன். பெண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் 28,000. எனக்கு வரவேண்டிய பணம் எல்லாம் 'அடுத்த வாரம்' 'அடுத்த வாரம்' என்று தள்ளிக்கொண்டே போனது. மாமனார் கல்யாணத்தில் போட்ட ஒரு பவுன் மோதிரத்தைக் கழற்றிவிட்டேன். மனைவி கேட்டபோது, "விரல்ல டைட்டா இருக்கு, பீரோவில வச்சிருக்கேன்" என்றேன். அடகுச் சீட்டில் தேதியும் நேரமும் அச்சாகியிருந்தது: 11.14.

நண்பன் துள்ளிக் குதித்தான். "பிரமாதம்டா! ஆறே நிமிஷத்துல மயிலாப்பூர்லேர்ந்து கோயம்பேடா? அதுக்குள்ள நீ லஸ் சிக்னலையே தாண்டியிருக்க மாட்டே!"

வாய்தாவுக்கு முந்தின நாள் காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது அந்தப் புண்ணியவான் வாட்ஸ்அப்பில் ஒரு லிஸ்ட் அனுப்பினான். ஆர்.சி., லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், அடகுச் சீட்டு (ஒரிஜினல்). தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தால் செல்போன் மனைவியின் கையில்.

"மோதிரம் டைட்டா இருக்குன்னு சொன்னீங்க?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. காபியை டபராவில் ஊற்றி வைத்துவிட்டு, "ஃபீஸுக்குன்னு சொல்லியிருந்தா என் வளையலைக் குடுத்திருக்க மாட்டேனா? வக்கீலுக்குத் தெரியுது, கடைக்காரனுக்குத் தெரியுது. எனக்குத்தான் தெரியல" என்றாள். அந்தக் காபி தொண்டையில் இறங்கவில்லை. 84 கிலோமீட்டர் குற்றச்சாட்டுக்கு என்னிடம் பதில் இருந்தது. இதற்கு இல்லை.

மறுநாள் நான் கூப்பிடாமலே புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கோர்ட்டில் காத்திருந்தது இரண்டரை மணி நேரம். கேஸ் நடந்தது மூன்று நிமிஷம். டவாலி என் பெயரை ஒரு எழுத்து மாற்றிக் கூப்பிட்டார். அதற்கும் ஒரு மனு போடலாமா என்று யோசித்தேன். முழு போட்டோ வந்திருந்தது. மாஜிஸ்டிரேட் அதை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"உங்க வண்டி என்ன?"

"மோட்டார் சைக்கிள்ங்க ஐயா."

"இதுல இருக்கிறது?" என்று எதிர்ப்பக்கம் கேட்டார்.

"கார் மாதிரி தெரியுதுங்க ஐயா."

மாதிரி என்ன மாதிரி! வெள்ளைக் கார். கடைசி எண் 8. இடது பக்கம் சேறு அப்பி 3 ஆகியிருந்தது. கேஸ் தள்ளுபடி. 183-வது பிரிவு வேண்டியிருக்கவில்லை, 15 நாள் விதியும் வேண்டியிருக்கவில்லை. அடகுச் சீட்டை ஃபைலைவிட்டு வெளியே எடுக்கவேயில்லை! அதை எடுத்த ஒரே இடம் என் வீடு.

நண்பன் ஃபீஸ் வாங்க மறுத்துவிட்டான். குமாஸ்தாவுக்கு 500 ரூபாய், அவனுக்கு ஒரு மட்டன் பிரியாணி. ஃபீஸே தேவலை போலிருந்தது, அவன் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு.

மனைவி ஃபைலிலிருந்து சீட்டை உருவித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "வட்டி எவ்வளவு?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். வழி பூராவும் பேச்சில்லை. பாதி தூரத்தில், "கொஞ்சம் மெதுவாத்தான் போங்களேன்" என்று தோளைப் பிடித்தாள். முள் 38-ல் இருந்தது.

நாலாம் நாள் இன்னொரு சேதி. பின்னால் உட்கார்ந்தவர் ஹெல்மெட் போடவில்லை, 1,000 ரூபாய். போட்டோவைத் திறந்தேன். இந்தத் தடவை பளிச்சென்று இருந்தது. என் வண்டி, என் தொப்பை, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி என் சம்சாரம்.

"நல்லா விழுந்திருக்கு இல்ல?" என்றாள் எட்டிப் பார்த்து.

பணத்தைக் கட்டிவிட்டேன்.